எண்ணிக்கை மட்டும் போதுமா?

மழைக்காலத்தில் டெங்கு பரவும்போதெல்லாம் நோயாளியின் உறவினர்கள் முதலில் கேட்பது, 'தட்டணுக்கள் எத்தனை?' என்பதைத்தான். அக்கேள்வியில் தவறில்லை. ஆனால், இருக்கும் தட்டணுக்கள் தம் வேலையைச் செய்யும் நிலையில் உள்ளனவா என்று பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை என்பதே எனது கவலை.

ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். உட்கரு இல்லாத இச்சிறு துணுக்குகளின் ஆயுள் 7 முதல் 10 நாள்கள். இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து, அடியிலுள்ள கொலாஜன் வெளிப்பட்டதும் அவை அங்கே ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியவை வடிவம் மாறி, தம்முள் இருக்கும் நுண்பைகளைத் திறக்கின்றன. ஒருவகைப் பையிலிருந்து ஏடிபி, கால்சியம் ஆகியவையும், மற்றொரு வகையிலிருந்து ஃபைப்ரினோஜன், ஐந்தாம் உறைதல் காரணி போன்ற புரதங்களும் வெளியேறுகின்றன. ஏடிபியும், அப்போதே உருவாகும் திராம்பாக்ஸேனும் அவ்வழியே செல்லும் பிற தட்டணுக்களைத் தூண்டுகின்றன. அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் கயிறாக ஃபைப்ரினோஜன் அமைகிறது. பின்னர் அதுவே ஃபைப்ரின் வலையாக மாறி, அடைப்பை உறுதியாக்குகிறது.

ஆஸ்பிரின் இச்சங்கிலியில் திராம்பாக்ஸேன் உருவாவதைத் தடுக்கிறது. உட்கரு இல்லாததால், முடக்கப்பட்ட நொதியைத் தட்டணுவால் மீண்டும் உருவாக்க இயலாது. அதன் ஆயுள் முழுவதும் பாதிப்பு நீடிக்கும். இதயத் தமனியில் அடைப்பு ஏற்படாமல் காக்க உதவுவதும் இப்பண்புதான். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி நிவாரணிகளும் தற்காலிகமாக இவ்விளைவை ஏற்படுத்தக்கூடும்.

டெங்குவில் தட்டணுக்களின் எண்ணிக்கை குறைகிறது. அந்நேரத்தில் மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கும் வலி மாத்திரை, எஞ்சியவற்றையும் முடக்கினால் என்னவாகும்? பரிசோதனை அறிக்கையிலுள்ள எண் இந்த ஆபத்தைக் காட்டாது. இரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசிவதையும் அது காட்டாது. கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறுகளில் இரத்தக்கசிவு ஆகியவை தோன்றினால், எண்ணிக்கை எதுவாயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

காய்ச்சலுக்கு மருத்துவர் கூறும் அளவில் பாராசிட்டமால் போதும். இதய நோய்க்காக ஆஸ்பிரின் உட்கொள்வோர் அதைத் தாமாக நிறுத்தாமல், காய்ச்சல் வந்ததுமே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். 'தட்டணுக்கள் எத்தனை?' என்று கேட்பதற்கு முன்பு, 'என்ன மாத்திரை கொடுத்தோம்?' என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.