உதவி கேட்பதில் உள்ள இடர்ப்பாடு

இந்தியச் சுரங்க விதிகளின்படி, ஓடும் கூண்டை நிறுத்துவதற்கு மணியை ஒரு முறை அடித்தாற் போதும். காரணம் கேட்பாரில்லை, மேலே எந்திரத்தை இயக்குபவர் உடனே நிறுத்தியாக வேண்டும். பாறை வெடிப்புக்குப் பேர்போன கோலார் தங்கவயலில், நந்திதுர்க் முதலிய சுரங்கங்களில் உழைத்தோருக்கு உதவி கோருதல் தொழிலின் ஓர் அங்கமாகவே இருந்தது. அதில் வெட்கத்திற்கு இடமில்லை.

தரைக்கு மேலே அத்தகைய மணி எதுவும் இல்லை. படிகக் கற்பாறையைத் துளையிடும்போது எழும் சிலிக்காத் தூள் கண்ணுக்குப் புலப்படாத அளவு நுண்ணியது. அது நுரையீரலில் தங்கித் தழும்புகளை உண்டாக்குகிறது. இதுவே சிலிக்கோசிஸ். இந்தியாவில் இந்நோய் கோலார் சுரங்கத் தொழிலாளரிடையே 1934 ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. பெரும்பாலும் பத்தாண்டு, இருபதாண்டு கழித்தே மூச்சுத் திணறல் தோன்றும். வேலையை விட்ட பின்னரும் நோய் வளரக்கூடும். ஆகவே 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டமையால் இது முடிந்துவிட்டதெனக் கருதலாகாது. தழும்பை நீக்க மருந்தில்லை. ஆனால் இந்நோயாளரை எளிதிற் பற்றும் காசநோய்க்குச் சிகிச்சை உண்டு. காலத்தில் கேட்டால்தான் அது பயன்படும்.

கேட்கத் தயங்குவது ஏன்? நோயை ஒப்புக்கொள்வது உழைக்க இயலாமையை ஒப்புக்கொள்வதாகும். நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூரில் கூலி வேலை செய்பவருக்கு மருத்துவமனையில் ஒரு நாள் என்பது ஒரு நாட் கூலி. மேலும், உதவி என்றாலே மேஸ்திரியிடமும் வட்டிக்காரரிடமும் கைகட்டி நிற்பது என்று பழகிய குடும்பங்கள் பல. இதனை வெறும் கூச்சம் என்று ஒதுக்குவது சரியன்று.

இவற்றோடு ஒரு கணக்குப் பிழையும் சேர்கிறது. பிளின், லேக் என்னும் இரு அறிஞர்கள் 2008 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அந்நியர் ஐவரிடம் வினாத்தாளை நிரப்பி வாங்க ஏறத்தாழ 20 பேரைக் கேட்கவேண்டியிருக்கும் என மாணவர்கள் மதிப்பிட்டனர். உண்மையில் சுமார் 10 பேரே போதுமாயினர். கேட்பவர் தம்மால் பிறருக்கு நேரும் தொல்லையை எண்ணுகிறார். கேட்கப்படுபவருக்கோ, முகத்தெதிரே மறுப்பதுதான் கடினமாயிருக்கிறது.

‘உதவி வேண்டுமா?’ எனக் கள ஊழியர் கேட்டால், ‘வேண்டாம்’ என்றே விடை வரும். ‘ரயிலடிக்கு நடக்கையில் எத்தனை இடத்தில் நிற்கிறீர்கள்?’ என்று கேட்டால் முதியவர் கணக்குச் சொல்வார். தந்தையின் இருமலால் பள்ளிக்கு வாராத பிள்ளையை ஆசிரியரே முதலில் அறிகிறார். எந்தச் சுரங்கம், துளையிடும் வேலையா, எத்தனை ஆண்டு என்பவற்றைக் குறித்துக்கொண்டு, எக்ஸ்ரே எடுக்கும் நாளில் ஒருவர் உடன் செல்லுதல் நலம்.