திருச்சுழி தந்த திருப்தி

திருப்தி என்னும் சொல்லைக் கேட்டவுடனே தேசத்தொண்டர்களிற் சிலர் முகஞ்சுளிக்கின்றனர். உள்ளதே போதும் என்றிருப்பவன் அநீதியை எதிர்ப்பானா என்பது அவர்கள் வினா. வினா நியாயமானதே. விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தை அறிந்தவர் அதனை எளிதில் தள்ளமாட்டார். அது வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தியும் மிளகாயும் உண்டு. பெய்யாவிடின் கடனும் ஊரைவிட்டு வெளியேற்றமுமே உண்டு. அவ்வுழவனிடம் சென்று, 'விதியே, பொறுத்திரு' என்று உபதேசிப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை.

ஆயினும் திருப்தியின் மெய்ப்பொருளைக் காட்டிய மகான் தோன்றியதும் அந்த மண்ணிலேதான். 1879 டிசம்பர் 30இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமனே பின்னர் ரமண மகரிஷி எனப் பெயர் பெற்றார். தந்தை சுந்தரமையர் அவ்வூரில் வக்கீல் தொழில் நடத்தியவர். 1892இல் அவர் காலமாகவே குடும்பம் பிரிந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை மதுரையில் சிறிய தகப்பனார் வீட்டில் வளரலாயிற்று. 1896இல் ஒருநாள், உடலில் நோய் ஏதுமின்றியே, மரணபயம் அப்பிள்ளையைப் பற்றிற்று. வைத்தியரை அழைக்கவில்லை, பிணம்போற் படுத்துக்கொண்டு, சாவது எது, சாவை அறிகின்ற 'நான்' யார் என்று தன்னையே விசாரித்தது. வக்கீல் தொழில் பயின்ற நாம் எத்தனையோ குறுக்கு விசாரணைகளைக் கண்டதுண்டு. மரணத்தையே கூண்டிலேற்றிய பதினாறு வயதுப் பாலனை வேறெங்குங் கண்டிலோம்! அவ்வாண்டு செப்டம்பர் முதல் தேதி திருவண்ணாமலை சேர்ந்தவர் பின்னர் அவ்வூரை நீங்கவேயில்லை.

அந்தத் திருப்தி சோதிக்கப்படாமற் போகவுமில்லை. 1948இல் இடது கையிற் கட்டியொன்று தோன்றிற்று, கொடிய புற்றுநோய். 1949இல் நான்கு முறை சத்திரசிகிச்சை நடந்தது. கையையே நீக்கிவிடலாம் என்றனர் வைத்தியர், அவர் இசையவில்லை. உடம்பே ஒரு நோய், அதற்கு வந்த நோய்க்கு ஏன் கலங்குவது என்பதே அவர் நிலை. வந்தவர்க்குத் தரிசனம் மறுக்கலாகாது என்று மட்டும் பிடிவாதமாயிருந்தார். 1950 ஏப்ரல் 14இல் உடல் நீத்தார்.

இதனாலெல்லாம் தொண்டர்களின் வினாவுக்கு விடை வந்துவிடுமா? 1938 ஆகஸ்டில் பாபு ராஜேந்திர பிரசாத்துடன் ஆசிரமம் சென்ற ஜமன்லால் பஜாஜ் அதனை நேரிலேயே கேட்டார்: சுயராஜ்ய ஆசை தகுமா? ஆசை சுயநலத்தில் தொடங்கினும், தொண்டு செய்யச் செய்ய நோக்கம் விரிந்து, தனிமனிதன் தேசத்திற் கரைகிறான்; அது விரும்பத்தக்கதே என்ற கருத்தில் மகரிஷி விடையளித்தார். அரும்பாடுபட்டுப் பெற்ற வெற்றியில் மகிழலாகாதா என்று மேலும் வினவியபோது, பலனைக் கருதாது தன்னை ஒப்புவித்தவனுக்குப் பெருமிதம் எங்ஙனம் வரும் என்றார்.

இங்கேதான் நாம் தொண்டர்களோடு வழக்காட விரும்புகிறோம். வெயிலில் அலைந்தது யார், மாலை விழுந்தது யார் கழுத்தில் என்று குமுறிக் குமுறியே நல்ல ஊழியர் பலர் பாதி வழியில் நின்றுவிட்டனர். திருப்தி தனக்கு, அதிருப்தி பிறர் பசியின் பொருட்டு. இவ்விரண்டையும் இடம் மாற்றிக்கொள்வதே நம்மவர் வழக்கம்: அயலான் பட்டினிக்கு விதியைக் காட்டுவோம், நமக்குக் கிட்டாத பதவிக்கு உறக்கமிழப்போம்.

மகரிஷி பிறந்த இல்லம் திருச்சுழியில் பூமிநாதர் கோயிலுக்கு அருகே சுந்தர மந்திரம் என்னும் பெயரால் விளங்குகிறது. கண்மாய் மராமத்துக்கு மனு எழுதியெழுதிச் சலித்த அருப்புக்கோட்டை நண்பர்கள் ஒருநாள் அங்கே சென்று சற்றே அமர்ந்திருக்கலாம். மறுநாள் அடுத்த மனுவை எழுத வேண்டும்.