கடைசிக் குழாய் – 9: மருந்து வாசம்

விடிகாலை ஐந்தே முக்கால் மணி. உடுமலைப்பேட்டையிலிருந்து திருமூர்த்திமலை போகிற தளி ரோட்டில், பாதி வழியில் பிரிந்து உள்ளே போனால் வரும் ஒரு கிராமம். ஊரின் கடைசி வீதியில் கடைசி வீடு. அந்த வீட்டு வாசலில் கடைசிக் குழாய். இங்கே வந்து சேர்வதற்குள் தண்ணீருக்கு வேகம் போய்விடுகிறது, தரைக்கு மேல் ஏறுவதில்லை. அதனால் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, குழாயைக் குழிக்குள் இறக்கி வைத்திருக்கிறார்கள். குழியின் அடியில் போன தடவை சிந்திய தண்ணீர் பாசி பிடித்துக் கிடக்கிறது. குழாய் வாய்க்கும் அதற்கும் நடுவே நாலு விரல் இடைவெளி.

டேங்க் ஆபரேட்டர் அண்ணன் சட்டைப் பையிலிருந்து சோப்புப் பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்தார். குளோரோஸ்கோப். சின்னக் கண்ணாடிக் குழாயில் கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்து, மருந்தைச் சொட்டு விட்டுக் குலுக்கி, கிழக்குப் பக்கம் வெளுத்துக்கொண்டிருந்த வானத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். தண்ணீரில் குளோரின் மிச்சம் இருந்தால் மஞ்சள் படர வேண்டும். எவ்வளவு அதிகமோ அவ்வளவு அடர் மஞ்சள். படரவில்லை. பிடித்தபோது எப்படி இருந்ததோ அப்படியே பளிங்கு மாதிரி இருந்தது.

“டேங்க்குல நல்லா மஞ்சளா வந்துச்சுங்க. இங்க வந்து சேர்றதுக்குள்ள எங்கயோ போயிருச்சு” என்றார். முகம் சுண்டிவிட்டது.

குடம் கழுவிக்கொண்டிருந்த அந்த வீட்டுப் பாட்டி எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: “மருந்து வாசமே இல்ல கண்ணு. இன்னைக்குத்தான் தண்ணி தண்ணியாட்டம் இருக்குது.”

இந்த வாரம் எழுத நினைத்திருந்தது வேறு. பாட்டி சொன்ன அந்த ஒரு வாக்கியம் மனசை விட்டுப் போகவில்லை.

போன இரண்டு வாரமும் நொய்யல் ஆற்றைப் பற்றி எழுதினேன். 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத் தண்ணீருக்குப் பதில் சாயத் தண்ணீர் நின்றதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னதையும் பார்த்தோம். அங்கே கேடு கண்ணுக்குத் தெரிந்தது. ஆறு எந்த நிறத்தில் ஓடுகிறது என்று பாலத்தில் நின்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். திருப்பூரிலிருந்து தெற்கே வந்து உடுமலையில் நின்றால் கதை வேறு. இங்கே தண்ணீருக்கு நிறமில்லை, நாற்றமில்லை, சுவை கேட்கவே வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வருகிற தண்ணீர். வெளியூரில் பெண் கொடுத்தவர்கள்கூட, ஊருக்கு வந்துபோகும் மகளிடம் ஒரு கேன் தண்ணீர் பிடித்துக் கொடுத்தனுப்புவதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கும் அந்தப் பெருமை உண்டு.

அந்தத் தண்ணீர் வருகிற வழியைக் கொஞ்சம் பார்க்கலாம். திருமூர்த்தி அணை 60 அடி ஆழம். பாலாற்றில் பஞ்சலிங்க அருவி வழியாக இறங்குகிற மலைத் தண்ணீர் அதற்கு ஒரு வரத்து. பெரிய வரத்து, பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம். மேற்கே போய்க் கடலில் கலக்க இருந்த தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, சர்க்கார்பதியிலிருந்து 49 கிலோமீட்டர் காண்டூர் கால்வாயில் மலைச் சரிவை ஒட்டியே ஓட்டிக் கொண்டுவந்து இந்த அணையில் சேர்க்கிறார்கள். நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து விடும் பாசனமும் இதை நம்பித்தான். உடுமலை நகரமும் சுற்றுவட்டார ஊராட்சிகள் பலவும் குடிப்பதும் இதைத்தான்.

திறந்த கால்வாய், திறந்த அணை. காட்டுக்குள் யானையும் மானும் இறங்கிக் குடிக்கிற தண்ணீர். மலையடிவாரத்தில் கோயிலும் அருவியும் இருக்கின்றன. ஆடி அமாவாசைக்கு மாட்டு வண்டி பூட்டி வந்து குளித்துக் கும்பிட்டுப் போகிற ஜனம் இருக்கிறது. ஐப்பசியில் புது வெள்ளம் இறங்கினால் அணைத் தண்ணீர் செம்மண் கரைசலாகிவிடும். இதில் யாரையும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மலைத் தண்ணீரில் கிருமி இருக்கும். பசியெடுத்த பிள்ளை அழுவது மாதிரி அது இயல்பு. அதனால்தான் படிகாரம் போட்டு மண்ணைப் படிய வைத்து, மணலில் வடிகட்டி, கடைசியில் குளோரின் கலந்து அனுப்புகிறார்கள். தண்ணீர் கலங்கி வருகிற நாளில் வேலை இரட்டிப்பு. கலங்கலில் கரைந்திருக்கும் இலைதழைச் சத்தே குளோரினைத் தின்றுவிடும். மண் துகளுக்குள் ஒளிந்த கிருமியை மிச்சக் குளோரின் எட்டிப் பிடிக்காது.

இதெல்லாம் ஒழுங்காக நடந்து, தொட்டிக்கு நல்ல தண்ணீரே ஏறியது என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு அந்தக் கிராமத்தில் அப்படித்தான் ஏறியிருந்தது. ஆபரேட்டர் அண்ணன் மருந்து கலக்குவதை முதல் நாளே பக்கத்தில் நின்று பார்த்தேன். 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. 60,000 லிட்டர் தொட்டி என்றால் 240 கிராம். மூட்டையிலிருந்து அப்படியே அள்ளிக் கொட்டக் கூடாது. வாளியில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு இட்லி மாவு பதத்துக்குக் கட்டியில்லாமல் குழைத்தார். பிறகு முக்கால் வாளி வரை நிரப்பிக் கலக்கி, அசையாமல் வைத்துவிட்டு பீடி பற்றவைக்கப் போனார். பத்து நிமிஷத்தில் சுண்ணாம்பு அடியில் வெள்ளையாக உட்கார்ந்துவிட்டது. மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளிக்கு இறுத்து, கயிற்றில் கட்டி மேலே ஏற்றித் தொட்டியில் ஊற்றினார். அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறந்தார். கிருமி சாக அந்த அரை மணி வேண்டும்.

“மூட்டையைப் பிரிச்சு வச்சா வீரியம் போயிருமுங்க. நம்மூரு வெயிலுக்கு ரெண்டு மாசத்துல வெறும் சுண்ணாம்புதான்” என்றார். மூட்டை வாயை அவர் ரப்பர் போட்டு இறுக்கிக் கட்டுவதைப் பார்க்க எனக்கு மனசு நிறைந்தது. இவருக்கு மாதச் சம்பளம் சில ஆயிரம். ஒரு ஊரின் உயிர் முழுக்க அவர் கைவாளியில் இருக்கிறது.

அப்படியானால் கடைசிக் குழாய்க்கு வருவதற்குள் குளோரின் எங்கே போனது?

குழாய் போகிற வழியே நடந்தோம். மூன்றாவது வீதி முக்கில் சாக்கடையைத் தாண்டுகிற இடத்தில் குழாய் கறுப்புத் தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தது. அதன் இணைப்பில் கசிவு. தண்ணீர் ஓடும் நேரத்தில் கசிவு வெளிப்பக்கம் பீய்ச்சும். பார்க்கிறவர்கள் தண்ணீர் வீணாகிறதே என்று மட்டும் வருத்தப்படுவார்கள். ஆபத்து, தண்ணீர் நின்ற பிறகு. வால்வை அடைத்ததும் குழாய் மெல்லக் காலியாகும். காலியாகிற குழாய் உறிஞ்சும். எந்த ஓட்டை வழியாக நல்ல தண்ணீர் வெளியே போனதோ அதே ஓட்டை வழியாகச் சாக்கடை உள்ளே போகும். இரண்டு வீடு தள்ளி யாராவது குழாயில் நேராக மோட்டார் மாட்டி இழுத்தால், தண்ணீர் ஓடும்போதே இது நடக்கும். கடைசி வீதியின் குழாய்க் குழியில் தேங்கிய பாசித் தண்ணீருக்கும் இதே விதிதான். அடுத்த முறை தண்ணீர் விடும்போது முதலில் பாட்டி குடத்துக்கு வருவது அந்த அழுக்கு. அதோடு மல்லுக்கட்டித்தான் குளோரின் செத்துப்போயிருக்கிறது. மஞ்சள் படராத அந்தக் கண்ணாடிக் குழாய் சொன்ன சேதி அதுதான்.

அங்கேயே இன்னொரு காரியமும் செய்தோம். கிராமங்களில் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டி கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு சின்ன பாட்டில் உண்டு. அடியில் மருந்து இருக்கும். குழாய்த் தண்ணீரைக் கோடு வரை நிரப்பி மூடி, வீட்டுக்குள் ஒரு மூலையில் வைத்துவிட வேண்டியது. ஒன்றிரண்டு நாளில் கறுத்தால் கிருமி இருக்கிறது என்று அர்த்தம். பாட்டி வீட்டு அலமாரியில், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் சாயங்காலம் அண்ணன் போன் செய்தார்: “கறுத்துருச்சுங்க.”

எனக்குப் பன்னிரண்டு வயசில் மஞ்சள் காமாலை வந்தது. அப்போது நாங்கள் குடியிருந்த வீதியில் எங்கள் வரிசையில் மட்டும் அடுத்தடுத்து ஐந்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வந்தது. அம்மா கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து கொடுத்தார். பத்தியச் சாப்பாடு, உப்பில்லாத கஞ்சி. எண்ணெய்ப் பண்டம் தின்றதால் வந்தது, ஸ்கூல் வாசலில் ஐஸ் வாங்கித் தின்றதால் வந்தது என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். தண்ணீரை யாரும் சொல்லவில்லை. ஏன் என்பது இந்தத் தொடருக்காகப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. தண்ணீர் வழியாக வருகிற மஞ்சள் காமாலைக் கிருமி உடம்புக்குள் போய்ச் சராசரியாக நான்கு வாரம் கழித்துத்தான் வெளியே தெரியும். டைபாய்டுக்கு ஒன்று முதல் மூன்று வாரம். மழை பெய்து, சாக்கடை நிரம்பி, குழாய்க்குள் போன நாளை ஊர் மறந்திருக்கும். அன்று குடித்த தண்ணீர் எப்போதோ தீர்ந்திருக்கும். குழாயில் இப்போது வருவதைச் சோதித்தால் சுத்தமாகவே இருக்கும். பழி ஐஸ் வண்டிக்காரர் மேல் போய் விழும். காய்ச்சல் வந்த பிறகு தண்ணீரைத் தேடினால் கையில் ஒன்றும் கிடைக்காது. அன்றன்றைய தண்ணீரை அன்றன்றைக்கே பார்த்துவிட வேண்டும்.

இதை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த ஊர், நம் உடுமலையைவிடப் பல மடங்கு சின்ன ஊர். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன். ஐயாயிரம் பேர்கூட இல்லை. சுற்றிலும் பண்ணையம், மாடு வளர்ப்பு. ஊருக்குக் கிணற்றுத் தண்ணீர். 2000-ஆம் ஆண்டு மே மாதம் அடைமழை. வயலில் போட்டிருந்த மாட்டுச் சாணத்திலிருந்து ஈ.கோலை கிருமி ஆழமில்லாத ஐந்தாம் எண் கிணற்றில் இறங்கியது. ஏழு பேர் இறந்துபோனார்கள். 2,300 பேருக்கு மேல் படுக்கையில் விழுந்தார்கள். சாணம் போட்ட விவசாயி மேல் தப்பில்லை, அவர் முறைப்படிதான் செய்திருக்கிறார் என்று நீதிபதி டென்னிஸ் ஓகானர் விசாரணையில் தெளிவாகச் சொன்னார்.

தப்பு வேறு இடத்தில் இருந்தது. தினமும் குளோரின் அளவைச் சோதித்து எழுத வேண்டிய ஆட்கள், சோதிக்காமலேயே நோட்டில் 0.5, 0.75 என்று எழுதி வந்திருக்கிறார்கள். வருஷக் கணக்காக. மழைக்குப் பிறகு எடுத்த மாதிரியில் கிருமி இருப்பதாக ஆய்வகம் மே 17-ஆம் தேதி சொல்லிவிட்டது. அந்தத் தாள் சுகாதாரத் துறைக்குப் போகவில்லை. தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னார்கள். சுகாதார அதிகாரி சந்தேகப்பட்டு, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று தாமாக அறிவித்தது மே 21-ல். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

விசாரணை அறிக்கையில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. அந்த ஆட்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தங்கள் ஊர்த் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று அவர்கள் மனசார நம்பினார்கள். மருந்து கலக்காத தண்ணீரைக் கிணற்றடியில் நின்று அவர்களே குடித்தார்கள். போதாததற்கு, குளோரின் வாசம் அடிக்கிறது என்று ஊர்க்காரர்களும் குறைபட்டுக்கொண்டே இருந்தார்கள். குறைத்துப் போட்டார்கள்.

படித்ததும் எனக்குத் தளி ரோட்டுப் பாட்டிதான் ஞாபகத்துக்கு வந்தார். ஆபரேட்டர் அண்ணனும் அதைத்தான் சொல்லியிருந்தார். “மருந்தைச் சரியாப் போட்டா அன்னைக்குக் காலைல நாலு பேரு வண்டியை நிறுத்திச் சண்டைக்கு வருவாங்க. காபி கெட்டுப் போச்சுன்னுவாங்க. போடாம உட்டா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.” சரியாகச் செய்கிற நாளில் திட்டும், செய்யாத நாளில் நல்ல பெயரும் கிடைக்கிற வேலை இது. இந்த மனுஷரை அந்த நிலையில் நிறுத்தியிருப்பது நாம். அதிகாரிகளைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் இதை எழுதாவிட்டால் இந்தத் தொடருக்கு அர்த்தமில்லை.

இந்தியத் தர நிர்ணயம் கேட்பது கடைசிக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சக் குளோரின். அந்த அளவுக்கு வாசம் மெல்லியதாகத்தான் இருக்கும். பிடிக்காதவர்கள் அகலமான போசியில் பிடித்து, மேலே வெள்ளைத் துணி கட்டி, சில மணி நேரம் வைத்தால் போதும். காய்ச்சினால் சுத்தமாகப் போய்விடும். இதற்காக 20 லிட்டர் கேன் வாங்குகிறவர்கள் உடுமலையிலும் பெருகிவிட்டார்கள். வடிகட்டும் எந்திரத்தில் குளோரினும் போய்விடுகிறது. அதன் பிறகு கேனைக் கழுவிய கையும் வீட்டுக் குழாயின் அழுக்கும் சேர்ந்தால் தடுக்க அதில் ஒன்றுமில்லை. கேன் வாங்க வழியில்லாத வீடுகள் எப்படியும் கடைசி வீதியில்தான் இருக்கின்றன.

கிராமத்துத் தொட்டிகளில் சுவரில் தேதி எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாதம் இருமுறை கழுவ வேண்டும், கழுவிய நாளை எல்லோரும் பார்க்க எழுத வேண்டும். நல்ல ஏற்பாடு. அதே சுவரில் இன்னொரு எண்ணும் வேண்டும் என்று கேட்கிறேன்: இன்று காலை கடைசிக் குழாயில் குளோரின் எவ்வளவு? நோட்டில் எழுதினால் வாக்கர்டனில் நடந்தது நடக்கலாம். சுவரில் எழுதினால், எந்த வீட்டுப் பிள்ளையும் ஒரு சொட்டு மருந்து விட்டுச் சரிபார்த்துக்கொள்ளும்.

சாக்கடைக்குள் கிடந்த இணைப்பை ஒரு வாரத்தில் மாற்றிவிட்டார்கள். குழாயைச் சாக்கடைக்கு மேலே தூக்கி, இரும்புக் குழாய்க்குள் செருகி எடுத்துப் போயிருக்கிறார்கள். பாட்டி வீட்டுக் குழியை மூடக் கொஞ்சம் தாமதமாகும்போல. குழாயை உயர்த்தினால் தண்ணீர் ஏறுமா என்று பார்க்க வேண்டும். ஊர் நடுவில் மாட்டியிருந்த மோட்டார்களைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு கழன்றன, ஒன்று இன்னும் ஓடுகிறது.

போன வெள்ளிக்கிழமை மறுபடியும் போனேன். அண்ணன் தண்ணீர் பிடித்து, மருந்து விட்டு, வானத்துக்கு நேராகத் தூக்கினார். எலுமிச்சைச் சாறு தெளித்த மாதிரி வெளிர் மஞ்சள். பெட்டியில் இருந்த நிற அட்டையோடு ஒட்டி வைத்துப் பார்த்தோம். 0.2-க்கு ஒரு நூல் மேலேயே இருந்தது.

பாட்டி ஒரு கை அள்ளி வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பினார்.

“மருந்து நாத்தம் அடிக்குது போ, கண்ணு.”

“அடிக்கட்டுங்க ஆத்தா” என்றார் அண்ணன். சாக்கட்டியை எடுத்துக்கொண்டு தொட்டிச் சுவரை நோக்கிச் சைக்கிளைத் திருப்பினார். பாட்டி முணுமுணுத்துக்கொண்டே குடத்தை நிரப்பி, இடுப்பில் ஏற்றி, உள்ளே கொண்டுபோய் வைத்துத் துணியால் மூடினார்.