திருவாதிரை எவ்வளவு தூரம்?

மார்கழியில் இரவு ஒன்பது மணி வாக்கில் கிழக்கே பார்த்தால் செக்கச்செவேலென்று ஒரு நட்சத்திரம் கண்ணில் படும். ஆருத்ரா தரிசனத்துக்குப் பெயர் தந்த திருவாதிரை அதுதான். வானியலாளர்கள் பீட்டல்ஜூஸ் என்கிறார்கள். இத்தனை பளிச்சென்று தெரிந்தும் அவர்களுக்கு இன்றுவரை முழுசாகப் பிடிகொடுக்காத நட்சத்திரம்.

நட்சத்திரத்திடமிருந்து நமக்கு வந்து சேருவது ஒளி மட்டும்தான். மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்தே கறந்தாக வேண்டும்.

முதலில் பிரகாசம். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது முதல் தரம், மங்கித் தெரிவது ஆறாம் தரம் என்பது கிரேக்கர் காலத்து வழக்கம். இரண்டுக்கும் இடையே சரியாக 100 மடங்கு என்று 1856-ல் கணக்காக்கியவர் நார்மன் போக்சன். 1861-ல் சென்னை வானாய்வகத்துக்குத் தலைமையேற்க வந்தவர், 1891-ல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். அந்த ஆய்வகம் இருந்த இடம், மழையளவுச் செய்தியில் தினமும் காதில் விழுகிற அதே நுங்கம்பாக்கம். உலகம் இன்றும் அவர் அளவுகோலைத்தான் பயன்படுத்துகிறது. ஊருக்குத்தான் அவரைத் தெரியாது.

வெப்பத்தை நிறம் காட்டிக்கொடுக்கும். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். சிவந்த திருவாதிரை 3,300 டிகிரிதான். ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் தெரியும் கருங்கோடுகள் வெப்பத்துக்கேற்ப ஏன் மாறுகின்றன என்பதற்கு மேகநாத் சாகா 1920-ல் சமன்பாடு கொடுத்தார். அதை வைத்துத்தான் 1925-ல் சிசிலியா பெய்ன், நட்சத்திரங்களில் பெரும்பகுதி ஹைட்ரஜன் என்று கண்டார்.

இதுவரை தூரம் தேவைப்படவில்லை. உண்மையான ஒளிர்வு, பருமன், எடை என்று அடுத்த படிக்குப் போனால் தூரம் தெரியாமல் ஒன்றும் நடக்காது. அதில் 20 சதவீதம் பிசகினால் ஒளிர்வுக் கணக்கு 44 சதவீதம் எகிறிவிடும்.

தூரத்தை அளக்கும் வழி எளிது. கட்டைவிரலை நீட்டி, கண்களை மாற்றி மாற்றி மூடினால் விரல் இடம் மாறுவதுபோலத் தோன்றுமல்லவா? பூமி சூரியனைச் சுற்றுவதால், ஆறு மாத இடைவெளியில் பார்த்தால் அருகிலுள்ள நட்சத்திரமும் அப்படித்தான் இலேசாக நகரும். 1838-ல் ஜெர்மானியர் பெஸ்ஸல், அன்னப்பறவை மண்டலத்தின் 61 சிக்னியில் இந்த நகர்வை அளந்து காட்டினார். ஒரு டிகிரியின் ஐயாயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவான கோணம் அது. 2013-ல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் கையா விண்கலம், நூறு கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை இதே முறையில் அளந்துவிட்டது.

திருவாதிரை மட்டும் சிக்கவில்லை. கையாவின் கருவிகளுக்கு அதன் வெளிச்சம் தாங்கவில்லை. போதாக்குறைக்கு, அதன் வட்டமே அதன் நகர்வைவிடப் பல மடங்கு பெரிது. மேற்பரப்பில் ராட்சதக் குமிழ்கள் கொதித்து எழுவதால் ஒளியின் மையமும் ஓரிடத்தில் நிற்பதில்லை. எங்கே புள்ளி வைத்து அளப்பது? 2008-ல் ஓர் ஆய்வு சுமார் 640 ஒளியாண்டு என்றது, 2017-ல் 720, 2020-ல் வேறொரு குழு சொன்னது 550.

வேடிக்கை என்னவென்றால், சூரியனுக்கு அடுத்து மனிதன் விட்டத்தை அளந்த முதல் நட்சத்திரமே இதுதான். 1920 டிசம்பரில் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில், நூறு அங்குலத் தொலைநோக்கியின் தலையில் 20 அடி எஃகு உத்தரத்தைக் கட்டினார்கள் மைக்கல்சனும் பீஸும். அதன்மேல் இருந்த இரு கண்ணாடிகளை மெல்ல மெல்ல விலக்கினார்கள். இடைவெளி 121 அங்குலம் ஆனபோது, இரு ஒளிக்கற்றைகளும் கலந்து உண்டாக்கிய வரிகள் மறைந்துபோயின. அதிலிருந்து கிடைத்த கோணம் 0.047 விகலை (ஆர்க்செகண்ட்). அதைக் கிலோமீட்டராக்கத்தான் தூரம் வேண்டும். ஆகவே திருவாதிரையின் விட்டம் சூரியனைப்போல் 760 மடங்கா, 1,000 மடங்கா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. எப்படியானாலும் சூரியன் இருக்குமிடத்தில் வைத்தால் செவ்வாய்வரை விழுங்கிவிடும்.

எடைக்குத் துணை நட்சத்திரம் வேண்டும். சிரியஸை அதன் துணை சுமார் 50 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுவதை வைத்து, பெரியது இரண்டு சூரியன் எடை, சின்னது ஒரு சூரியன் எடை என்று துல்லியமாகச் சொல்ல முடிந்தது. திருவாதிரையை அப்படி யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. 15 முதல் 20 சூரியன் எடை என்பதெல்லாம் கோட்பாட்டுக் கணக்கு. ஆயுள் கணக்கு எடையைப் பொறுத்தது, எடைக் கணக்கு தூரத்தைப் பொறுத்தது. ஆய்வாளர்கள் பலரும் அது வெடிக்க ஒரு லட்சம் ஆண்டுவரை ஆகலாம் என்கிறார்கள். இனி, ‘திருவாதிரை நாளைக்கு வெடிக்கிறது’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அனுப்பியவரைக் கேளுங்கள்.