முக்கண் சதுரம்

1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் டென்சோ நிறுவனத்துக்குத் தொழிற்சாலைகளிலிருந்து ஒரே புகார் திரும்பத் திரும்ப வந்தது. டொயோட்டா கார்களுக்கு உதிரி பாகங்கள் செய்துகொடுக்கும் நிறுவனம் அது. பாகங்கள் வந்திறங்கும் ஒவ்வொரு பெட்டியிலும் பார்கோடு ஒட்டியிருக்கும். என்ன பாகம், எத்தனை, எங்கே போக வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு பார்கோடுக்குள் சுமார் 20 எழுத்துகள்தான் அடங்கும். அதனால் ஒரே பெட்டியில் பத்து பார்கோடுகூட ஒட்ட வேண்டியிருந்தது. தொழிலாளி ஒருவர் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை வரை ஸ்கேனரை அமுக்கினார். போதாக்குறைக்கு எண்ணெய்க் கை பட்டுவிட்டால் ஸ்கேனர் முழிக்கும்.

இந்தத் தலைவலி மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளரின் மேசைக்கு வந்தது. குழு என்று பேர், ஆள் என்னவோ இரண்டே பேர். 1994-ல் அவர்கள் வெளியிட்டதுதான் இன்று பெட்டிக்கடை முதல் பெட்ரோல் பங்க் வரை தொங்கும் க்யூஆர் கோடு.

பார்கோடில் சேதி முழுவதும் படுக்கைவாட்டில்தான் இருக்கிறது. கறுப்புக் கோடுகளின் தடிமனும் இடைவெளியும்தான் எண்கள். உயரம் வெறும் உபரி. குறுக்கே பாதியாக நறுக்கினாலும் ஸ்கேனர் படித்துவிடும். வீணாகும் அந்த உயரத்திலும் சேதியை நிரப்பலாமே என்ற யோசனை ஹாராவுக்கு முன்பே அமெரிக்காவில் சிலருக்குத் தோன்றியிருந்தது. அப்படிப்பட்ட குறியீடுகள் புழக்கத்திலும் இருந்தன. நிறையச் சேதி கொள்ளும், ஆனால் படிக்க நேரம் பிடிக்கும். மதிய இடைவேளையில் ‘கோ’ என்ற பலகை ஆட்டம் ஆடுவது ஹாராவின் வழக்கம். கட்டங்களில் கறுப்பும் வெள்ளையுமாகக் காய்கள் நிற்பதைப் பார்த்துத்தான் இந்த வடிவம் மனத்தில் விழுந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். க்யூஆர் பற்றி எழுதும் எல்லோரும் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கென்னவோ, அடுத்து அவர் செய்த காரியம்தான் பெரிய வித்தையாகப் படுகிறது.

இயந்திரத்துக்குப் படிப்பது கஷ்டமில்லை, கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். கேமராவின் முன்னால் சுவர், விளம்பரம், விலைப்பட்டியல், கடைக்காரரின் கட்டம் போட்ட சட்டை எல்லாம் இருக்கின்றன. அதில் தனக்கு வேண்டிய சதுரம் எது? இதற்கு விடை காண, நோட்டீஸ், பத்திரிகை, அட்டைப்பெட்டி என்று கைக்குக் கிடைத்த அச்சடித்த சரக்கையெல்லாம் கறுப்பு வெள்ளையாகப் பிரித்து, எந்த விகிதம் அச்சில் மிக அரிதாக வருகிறது என்று அலசினார்கள். கிடைத்த விடை 1:1:3:1:1.

ஏதாவது ஒரு க்யூஆரை எடுத்து அதன் மூலையில் இருக்கும் கண்ணைப் பாருங்கள். வெளியே ஒரு கட்ட அகலத்தில் கறுப்புச் சட்டம். உள்ளே ஒரு கட்ட அகலத்தில் வெள்ளை. நடுவில் மூன்றுக்கு மூன்று கறுப்புச் சதுரம். நடுவழியே ஒரு நேர்கோடு இழுத்தால் கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, கறுப்பு மூன்று, வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று. படுக்கையாக இழுங்கள், குத்தாக இழுங்கள், மூலைக்கு மூலை இழுங்கள், கோட்டின் நீளம் மாறுமே தவிர விகிதம் மாறாது. ஒரே மையம் கொண்ட சதுரங்களின் குணம் அது. ஆகவே செல்போனை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும், கேமரா காட்சியை வரிவரியாகத் துழாவும் மென்பொருளுக்கு இந்த விகிதம் சிக்கிவிடும்.

மூன்று மூலைகளில் கண் உண்டு, நான்காவதில் இல்லை. அந்த வெறும் மூலையை வைத்துத்தான் க்யூஆர் தலைகீழாக இருக்கிறதா, பக்கவாட்டில் திரும்பியிருக்கிறதா என்று தெரிகிறது. பெரிய க்யூஆர்களில் அந்த மூலைக்குச் சற்று உள்ளே ஒரு குட்டிக் கண் இருக்கும்; டப்பாவில் ஒட்டி வளைந்த தாளைக் கணக்கிலேயே நிமிர்த்திக்கொள்ள அது உதவும். கண்களுக்கு இடையே கறுப்பு வெள்ளை மாறி மாறி ஓடும் ஒற்றை வரிசை, கட்டங்களை எண்ணுவதற்கான அளவுகோல். சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விடச் சொல்கிறது விதி. அச்சகத்தில் பூவேலைப் பார்டரை ஒட்டி நெருக்கி அடித்துவிட்டு, ‘ஸ்கேன் ஆக மாட்டேங்குது’ என்று அலுத்துக்கொள்பவர்கள் இதைத்தான் மறந்திருப்பார்கள்.

மீதிக் கட்டங்கள் சேதிக்கு. கறுப்பு ஒன்று, வெள்ளை பூஜ்யம். வலது கீழ் மூலையில் தொடங்கி, இரண்டு கட்ட அகலத்தில் மேலே ஏறி, திரும்பி இறங்கி, மறுபடி ஏறி இடப்பக்கம் போகும். மிகச் சிறிய க்யூஆர் 21-க்கு 21 கட்டம். அங்கிருந்து பக்கத்துக்கு நான்கு நான்காகக் கூடி 177-க்கு 177 வரை 40 அளவுகள் உண்டு. ஆகப் பெரியதில் எண்கள் மட்டும் என்றால் 7,089 அடங்கும். ஜப்பானியர்கள் தங்கள் கஞ்சி எழுத்துகளை இடம் சுருக்கி எழுத ஒரு தனி வழியையே இதற்குள் வைத்துக்கொண்டார்கள். நம் எழுத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ‘தமிழ்’ என்று பொதுவான யூனிகோட் முறையில் எழுதினால், இகரக் குறி, புள்ளியெல்லாம் தனித்தனியாக எண்ணப்பட்டு 15 பைட் ஆகிறது. அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் ஐந்து பைட் போதும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சேதியே தற்செயலாக அந்த 1:1:3:1:1 வரிசையில் விழுந்துவிட்டால் கேமரா அதையும் கண் என்று நினைத்து ஏமாறும். ஒரே இடத்தில் கறுப்பாக அப்பிக்கொண்டாலும் படிக்க முடியாது. அதற்காக, சில கட்டங்களில் கறுப்பையும் வெள்ளையையும் மாற்றிப்போடும் எட்டு விதமான முகமூடி வடிவங்கள் வைத்திருக்கிறார்கள். உருவாக்கும் மென்பொருள் எட்டையும் போட்டுப் பார்த்து, கண் போன்ற வரிசைக்கும் அப்பிய கறுப்புக்கும் அபராதப் புள்ளி போட்டு, குறைந்த அபராதம் வாங்கியதைத் தேர்ந்தெடுக்கிறது. எந்த முகமூடி போட்டது என்ற தகவல் கண்களின் ஓரத்தில், ஒன்றுக்கு இரண்டாக எழுதப்பட்டிருக்கும்.

சரி, எண்ணெய்க் கை என்ன ஆயிற்று? டீக்கடை மேசையில் ஒட்டிய அட்டையைப் பாருங்கள். வடைச் சட்டியின் பிசுக்கு, டீ சிந்திய கறை, ஓரத்தில் யாரோ நகத்தால் பிய்த்த அடையாளம். ஆனாலும் ஸ்கேன் ஆகிறது. இதற்குப் பின்னால் இருப்பது இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1960-ல் எழுதிய கணிதம். சூட்சுமம் இதுதான்: அனுப்ப வேண்டிய இரண்டு எண்களைத் தாளில் இரண்டு புள்ளிகளாக வைத்து நேர்கோடு போடுங்கள். அதே கோட்டின் மேல் இன்னும் இரண்டு புள்ளிகளை எடுத்து, நான்கையும் அனுப்பிவிடுங்கள். வழியில் ஏதோ ஒரு புள்ளி இடம் மாறிப்போனாலும் மற்ற மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும். இடம் மாறியது எது என்று தெரியும், அது எங்கே இருந்திருக்க வேண்டும் என்பதும் தெரியும். நேர்கோட்டுக்குப் பதில் இன்னும் சிக்கலான வளைகோடுகளை வைத்து க்யூஆர் இதைச் செய்கிறது. வாயேஜர் விண்கலம் அனுப்பிய படங்களையும் கீறல் விழுந்த சிடிகளையும் காப்பாற்றியது இதே கணிதம்தான். க்யூஆரில் இந்தக் காப்பு நான்கு நிலைகளில் கிடைக்கிறது. மேல்நிலையில் சுமார் 30 சதவீதம் சிதைந்தாலும் மீட்டுவிடலாம். நடுவில் கம்பெனி லோகோ வைக்கிறார்களே, அதற்காக யாரும் இடம் ஒதுக்கவில்லை. சேதியின் ஒரு பகுதியை வேண்டுமென்றே அழித்துவிட்டு, கணிதம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள்! ஆனால் இந்தக் காப்பு கண்களுக்குக் கிடையாது. அட்டையின் நடுவே கறை பட்டால் கவலையில்லை, மூலையில் ஒரு கண் கிழிந்தால் வேறு அட்டைதான் வாங்க வேண்டும்.

டென்சோ க்யூஆருக்குக் காப்புரிமை வாங்கியது, ஆனால் தரத்தின்படி பயன்படுத்துகிறவர்களிடம் அந்த உரிமையை வலியுறுத்துவதில்லை என்று அறிவித்துவிட்டது. 2000-ல் உலகத் தரமாகவும் ஏற்கப்பட்டது. 2002-ல் ஜப்பானிய செல்போன்கள் இதைப் படிக்கத் தொடங்கின. மற்ற பல நாடுகளில் தனி ஆப் இறக்க வேண்டியிருந்ததால் வெகுகாலம் அதிகம் பேர் சீந்தவில்லை. 2017-ல் ஐபோன் கேமராவே நேரடியாகப் படிக்க ஆரம்பித்தது. இந்தியாவில் 2016-ல் செல்போனில் பணம் அனுப்பும் யுபிஐ முறை வந்தது. க்யூஆரைச் சந்து பொந்தெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது அதுதான்.

கடை அட்டையில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது? வங்கிக் கணக்கு எண்ணோ பணமோ இல்லை. ‘யுபிஐ மூலம் செலுத்து’ என்று ஒரு சொல், கடைக்காரரின் யுபிஐ முகவரி, ஒரு பெயர், அவ்வளவுதான். பணப் பரிமாற்றம் முழுவதும் அதற்கப்பால் ஆப்புக்கும் வங்கிகளுக்கும் இடையே நடக்கிறது. சில கடைகளில் பில் இயந்திரத்தின் திரையில் புதிதாக ஒரு க்யூஆர் தோன்றும். அதில் தொகையும் சேர்ந்திருக்கும்.

இங்கேதான் ஒரு பலவீனம் இருக்கிறது. அச்சடித்த முகவரியை மனிதர் படித்துவிடலாம், க்யூஆரை எந்த மனிதரும் படிக்க முடியாது. கடைக்காரரின் அட்டை மேல் திருடன் தன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஸ்கேன் செய்ததும் ஆப் காட்டும் பெயரை ஒரு விநாடி பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். ‘உங்களுக்குப் பணம் அனுப்புறேன், இதை ஸ்கேன் பண்ணிப் பின் நம்பர் போடுங்க’ என்று யாராவது சொன்னால் அது மோசடி. பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். போலி ஸ்கிரீன்ஷாட் காட்டுகிறவர்களுக்குப் பயந்து கடைக்காரர்கள், பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் வாங்கி வைத்தார்கள். ‘இன்னும் சத்தம் வரலையேண்ணே’ என்றால் பணம் வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

குறை க்யூஆரில் இல்லை, அதற்குள் எதை வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. ஆதார் அட்டையின் க்யூஆரில் பெயர், முகவரியோடு டிஜிட்டல் கையொப்பமும் இருக்கிறது. ஓர் எழுத்தை மாற்றினாலும் சரிபார்க்கும் செயலி கண்டுபிடித்துவிடும். அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளின் உறையில் பார்கோடோ க்யூஆரோ கட்டாயம் என்று 2023 ஆகஸ்டிலிருந்து இந்தியாவில் விதி இருக்கிறது. தயாரிப்பு எண்ணையும் காலாவதி தேதியையும் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பார்கோடு இன்னும் சாகவில்லை. 1974 ஜூன் 26-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டிராய் என்ற ஊர்க் கடையில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டில் தொடங்கிய அதன் ராஜ்யம், மளிகைச் சாமான்களில் இன்றும் நடக்கிறது. பார்கோடு எண்களை வழங்கும் ஜிஎஸ்1 அமைப்பு, 2027 முடிவுக்குள் உலகக் கடைகளின் பில் இயந்திரங்கள் க்யூஆர் போன்ற சதுரங்களையும் படிக்கத் தயாராக வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. பார்கோடின் 13 இலக்கம் ‘இது இன்ன கம்பெனியின் அரை லிட்டர் பால்’ என்பதோடு நின்றுவிடும். சதுரத்தில் தேதியையும் சேர்த்து எழுதலாம். அப்போது காலாவதியான பாக்கெட்டுக்குக் கல்லாவிலேயே பில் விழாது.