செப்டிக் டேங்க் நிரம்பிடுச்சா? ஆளை இறக்காதீங்க... லாரியை கூப்பிடுங்க!

வீடு கட்டும்போது டைல்சுக்கும், வாசல் கதவுக்கும் பார்த்து பார்த்து செலவு செய்கிறோம். ஆனால் மண்ணுக்கு அடியில் இருக்கும் செப்டிக் டேங்கை, மூடி போட்டதோடு மறந்து விடுகிறோம். கக்கூசில் தண்ணீர் எதிர்த்து வந்த பிறகுதான் அதன் ஞாபகமே வருகிறது. அந்த அவசரத்தில் ‘ரெண்டு ஆளை இறக்கி வாரிடலாம்’ என்று முடிவெடுப்பதுதான் உயிர்ப்பலியில் போய் முடிகிறது.

கொஞ்சம் கவனமாக இருந்தால், டேங்குக்குள் யாரும் இறங்க வேண்டிய அவசியமே வராது.

உள்ளே நடப்பது என்ன?

கழிவறையில் இருந்து வரும் கழிவில் கனமானது டேங்கின் அடியில் சேறாக படியும். எண்ணெய், நுரை போன்றவை மேலே ஆடையாக மிதக்கும். நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் பைப் வழியாக வெளியேறி உறிஞ்சுகுழிக்கு போகும். அடியில் உள்ள சேற்றை கிருமிகள் கொஞ்சம் கொஞ்சமாக தின்று குறைக்கும். ஆனால் முழுவதும் தீர்க்காது. வருஷத்துக்கு வருஷம் சேறு ஏறிக்கொண்டே இருக்கும்.

எப்போது எடுக்க வேண்டும்?

2 அல்லது 3 வருஷத்துக்கு ஒருமுறை கண்டிப்பாக எடுக்க வேண்டும். ‘எங்க வீட்ல 15 வருஷமா எடுக்கவே இல்லை’ என்று சிலர் பெருமையாக சொல்வார்கள். அது பெருமை இல்லை. அடியில் தளம் போடாமல் உறை மட்டும் இறக்கியிருந்தால் கழிவு மண்ணுக்குள் இறங்கி, கிணறு, போர் தண்ணீரில் கலந்து கொண்டிருக்கும்.

நீளமான கம்பில் பழைய வெள்ளைத்துணியை சுற்றி, வெளியில் நின்றபடியே டேங்கின் அடி வரை விட்டு, சில நிமிடம் கழித்து எடுங்கள். துணியில் கருப்பாக இருக்கும் அளவுதான் சேறு. டேங்க் ஆழத்தில் 3-ல் ஒரு பங்கு வந்து விட்டால் லாரிக்கு சொல்லி விடலாம்.

மூடியை திறக்கும்போது குழந்தைகளை பக்கத்தில் விடாதீர்கள். பீடி, தீக்குச்சி, விளக்கு கூடவே கூடாது. உள்ளே இருக்கும் மீத்தேன் வாயு குப்பென்று தீப்பிடிக்கும்.

இதை எல்லாம் போடாதீங்க!

நாப்கின், டயபர், பிளாஸ்டிக் கவர், சமையல் எண்ணெய் ஆகியவற்றை கக்கூசில் போட்டால் பைப் அடைக்கும். ஆசிட், பினாயிலை அளவில்லாமல் ஊற்றினால் சேற்றை தின்னும் கிருமிகள் செத்துவிடும். கடையில் விற்கும் பவுடரை வாங்கி போட்டாலும் சேறு எடுக்கும் வேலை மிச்சமாகாது.

காற்றுப்போக்கி பைப்பின் வாயில் கொசுவலை கட்டுங்கள். மூடியில் விரிசல் விழுந்தால் உடனே மாற்றுங்கள். உளுத்துப்போன மூடி உடைந்து, மேலே நடப்பவர்கள் உள்ளே விழும் ஆபத்து இருக்கிறது.

புது டேங்கும் ஆபத்து

கழிவே விழாத புது டேங்கிலும் சாவு நடக்கிறது. மேல் தளம் போட்ட பிறகு, சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கும் தொழிலாளிகள் மயங்கி விழுகிறார்கள். பல நாள் மூடிக்கிடந்த டேங்கில் தண்ணீர் தேங்கி, பலகை மக்கி, மூச்சு விட காற்றே இருக்காது. எனவே மேல்மூடிக்கு ரெடிமேட் சிலாப் போட சொல்லுங்கள். பலகை பிரிக்கும் வேலையே இருக்காது.

5 பேர் உள்ள வீட்டுக்கு 5 அடி நீளம், 2½ அடி அகலம், தண்ணீர் நிற்க 3½ அடி, அதற்கு மேல் 1 அடி காலி இடம் இருந்தால் போதும். உறிஞ்சுகுழி, குடிநீர் கிணற்றில் இருந்து 60 அடியாவது தள்ளி இருக்க வேண்டும்.

நாற்றம் இல்லை என்று நம்பாதீங்க!

டேங்கில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு விஷவாயு அழுகிய முட்டை போல நாறும். ஆனால் அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ஒரு சில மூச்சிலேயே ஆள் சுருண்டு விழுந்து விடுவார். அவரை தூக்க அண்ணன் இறங்க, அண்ணனை தூக்க மச்சான் இறங்க, ஒரே டேங்கில் 2, 3 பேர் பலியாவது இப்படித்தான்.

யாராவது விழுந்து விட்டால் பின்னாலேயே இறங்காதீர்கள். உடனே 101-க்கும், 108-க்கும் போன் செய்யுங்கள்.

வீட்டுக்காரருக்கும் ஜெயில்

தகுந்த பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கி சுத்தம் செய்ய வைப்பது 2013-ம் ஆண்டு சட்டப்படி குற்றம். முதல் தடவை 2 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். மறுபடி செய்தால் 5 ஆண்டு, ரூ.5 லட்சம் வரை போகும். ‘அவரா கேட்டுத்தான் இறங்கினார், கூலி கொடுத்தேன்’ என்று சொல்லி தப்ப முடியாது.

லாரிக்கு சொல்லும்போது உள்ளாட்சி லைசென்ஸ் இருக்கிறதா, கழிவை எங்கே கொட்டுவார்கள் என்று கேளுங்கள். ஏரி, ஓடையில் கொட்டினால் அது நம்ம தண்ணீருக்குத்தான் திரும்பி வரும். லாரி தேவைப்படுபவர்கள் 14420 என்ற உதவி எண்ணில் தொடர்பு கொள்ளலாம். அல்லது உங்கள் நகராட்சி, பேரூராட்சி அலுவலகத்தில் கேட்கலாம்.