பொதுப் பணமும் இணையப் பாடமும்

பிரிட்டனில் பொதுமக்கள் செலுத்தும் உரிமக் கட்டணத்தைக் கொண்டு நடைபெறும் நிறுவனம் பி.பி.சி. 1922-இல் கம்பெனியாகத் தோன்றி, 1927-இல் அரச சாசனம் பெற்ற கழகமாயிற்று. தொடக்க ஆண்டுகளில் மாலை 7 மணிக்கு முன்னர் அது செய்தி ஒலிபரப்பலாகாது என்ற கட்டுப்பாடு இருந்தது. நாளிதழ்களின் விற்பனை குன்றிவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். ஆகவே, இன்று இணையத்தைக் குறித்து எழும் வழக்கு முற்றிலும் புதியதன்று.

1997-இல் பி.பி.சி. தன் இணையச் செய்தித் தளத்தைத் தொடங்கிற்று. ஒலியாகவும் ஒளியாகவும் வந்த செய்தி, இப்போது எழுத்தாகவும் இலவசமாகக் கிடைத்தது. விற்றுப் பிழைக்கும் பதிப்பாளர் இலவசத்தோடு எங்ஙனம் போட்டியிடுவர்?

இக்கேள்வி பள்ளிப் பிள்ளைகளையும் தொட்டது. 5 முதல் 16 வயது வரையுள்ள மாணவர்க்காக, 2006 ஜனவரியில் ‘ஜாம்’ என்னும் இணையப் பாடத் திட்டம் தொடங்கப்பெற்றது. அதற்கென ஒதுக்கிய தொகை 15 கோடி பவுன். கல்விக் கருவிகளை ஆக்கி விற்கும் தனியார் நிறுவனங்கள் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டன. 2007 மார்ச்சில் திட்டம் நிறுத்தப்பட்டது, மீண்டும் தொடங்கப்படவேயில்லை.

அவ்வாண்டு நடைமுறைக்கு வந்த புதிய சாசனம் ஒரு தராசை ஏற்படுத்திற்று. புதிய பணியால் மக்களுக்கு விளையும் நன்மையைப் பி.பி.சி. அறங்காவல் குழு மதிப்பிடும். பிறர் தொழிலுக்கு நேரும் பாதிப்பை ஆஃப்காம் என்னும் ஒழுங்குமுறை அமைப்பு மதிப்பிடும். இரண்டையும் சீர்தூக்கிக் குழு முடிவு கூறும். நிகழ்ச்சிகளைப் பின்னர்க் காண உதவும் ‘ஐபிளேயர்’ 2007-இல் நிபந்தனைகளோடு இசைவு பெற்றது. 6 கோடியே 80 இலட்சம் பவுன் செலவிலான வட்டாரக் காணொளிச் செய்தித் திட்டமோ 2009-இல் மறுக்கப்பட்டது. மக்கள் பெறும் பயன் சிறிது, வட்டார நாளிதழ்களுக்கு ஏற்படும் ஊறு பெரிது என்பதே அம்முடிவின் சாரம். 2017-இல் அறங்காவல் குழு கலைக்கப்பட்டு, மேற்பார்வைப் பொறுப்பு ஆஃப்காமிடம் சேர்ந்தது.

2020-இல் கொள்ளைநோய் பள்ளிகளை மூடியபோது, 1998 முதல் நடந்துவந்த ‘பைட்சைஸ்’ என்னும் பி.பி.சி.யின் பாடப் பகுதி நாள்தோறும் பாடம் தந்தது. வீட்டில் அடைபட்ட பிள்ளைகள் கட்டணமின்றிப் பயின்றனர்.

இவற்றால் பெறப்படுவது யாது? பொதுப் பணம் பெறும் நிறுவனம் கட்டின்றி விரிந்தால் தனியார் இதழ்கள் நலியும். அதனை முற்றிலும் கட்டிவைத்தாலோ வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கு இழப்பு. பதிப்பாளர் முறையிடுவர், வழக்காடுவர். பிள்ளைகளுக்கு அது இயலாது. தராசைப் பிடிப்போர் அவர்களுடைய தட்டையும் மறவாதிருத்தல் வேண்டும்.